குறி தப்பினால் யார் குற்றம்? - துப்பாக்கித் தொலைநோக்கியின் கதை

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே ஒரு டஜன் வந்தாச்சு. நீயாவது வேற ஏதாவது எழுதுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே மெஸ் சாம்பாரைப் பற்றியும், அரியர் பேப்பர்களைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. தப்பித்தீர்கள்!

ஆனாலும் ஒரே ஒரு நினைவோடுதான் தொடங்க வேண்டும். இரண்டாம் வருஷம் என்.சி.சி. கேம்ப். பாயின்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து ரவுண்டு. சுட்டு முடித்து அட்டையைப் போய்ப் பார்த்தால், ஐந்து ஓட்டையும் ஒரு சின்ன டப்பா மூடிக்குள் அடங்கிவிடும். ஆனால் மொத்தமும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, இடது பக்கம்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹவில்தார் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் கை நல்லாத்தான் இருக்கு. குரூப் இருக்கு, ஜீரோ இல்லை. நகர வேண்டியது சைட்டு; நீ இல்லை."

அப்போது அதை ஒரு ஆறுதலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பிறகு மெக்கானிக்கல் படித்து, பட்டறையில் அடிபட்டு, துப்பாக்கித் தொலைநோக்கிகளின் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த ஒரு வாக்கியத்துக்குள் முந்நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்தது.

இந்த வரலாற்றை எல்லோரும் கண்ணாடியின் வரலாறாகவே நினைக்கிறார்கள். எத்தனை மடங்கு பெருக்கும், எவ்வளவு வெளிச்சம் வரும் என்றுதான் கேட்கிறார்கள். லென்சை அந்தக் காலத்திலேயே நன்றாகச் செய்தார்கள். பொறியாளனைத் தூங்க விடாமல் அடித்தது லென்ஸ் இல்லை, திருகு. அந்தத் திருகிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். திருகினால் மயிரிழை நகர வேண்டும். சுடும்போது மயிரிழைகூட நகரக் கூடாது. திருப்பித் திருகினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். மூன்றையும் ஒரே திருகிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிலந்தி செய்த உபகாரம்

1611-ல் கெப்ளர் இரண்டு குவிலென்ஸ்களை வைத்துத் தொலைநோக்கி செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். கலிலியோவின் தொலைநோக்கியில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. குழாய்க்குள்ளேயே ஒரு இடத்தில் பிம்பம் நிஜமாக விழுகிறது. அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது வானத்தில் இருக்கும் பொருளோடு சேர்ந்து, அதே தெளிவில் தெரியும். பிம்பம் தலைகீழாக இருக்கும் என்பது மட்டுமே குறை. வானியலாளர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. நிலாவுக்கு ஏது தலை, ஏது கால்?

இந்த வசதியைக் கண்டுபிடித்தது மனிதன் இல்லை, ஒரு சிலந்தி என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞர் தொலைநோக்கிகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். 1640-ஐ ஒட்டிய காலம். திறந்திருந்த குழாய்க்குள் ஒரு சிலந்தி நூல் கட்டிவிட்டுப் போயிருந்தது. அவர் கண் வைத்துப் பார்த்தபோது அந்த நூலும், தூரத்துப் பொருளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் துல்லியமாகத் தெரிந்தன. நம்மில் பலர் ஒட்டடை என்று துடைத்திருப்போம். அவர் துடைக்கவில்லை. அந்த இடத்தில் இழை வைத்தால் குறி பார்க்கலாம் என்று புரிந்துகொண்டார். அதோடு நிற்காமல், இரண்டு விளிம்புகளை ஒரு திருகால் நகர்த்தி, எத்தனை சுற்று திருகினோம் என்று எண்ணி, கோள்களின் விட்டத்தை அளந்தார். நம் மெட்ராலஜி லேபில் இருக்கும் மைக்ரோமீட்டருக்கு அவர் ஒரு முப்பாட்டன்.

அவருடைய முடிவுதான் சோகம். 1644 ஜூலை 2-ம் தேதி, இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் சண்டையில் அரசர் பக்கம் நின்று உயிர் விட்டார். அப்போது வயது முப்பதை ஒட்டித்தான். நட்சத்திரத்தை அளக்க அவர் வைத்த குறுக்கு இழையே பிற்காலத்தில் போர்க்களத்தில் குறி பார்க்கும் இழையாக மாறியது. அவருடைய கருவியை 1667-ல் ரிச்சர்ட் டவுன்லி உலகத்துக்கு எடுத்துச் சொல்லாமல் இருந்திருந்தால் பெயர்கூட மறைந்திருக்கும்.

இழையும் திருகும் முதலில் வானியலாளர்களிடமும், அடுத்து நில அளவையாளர்களிடமும்தான் வளர்ந்தன. சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு சின்னக் கதை. 1802-ல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டனிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட் இருந்தது. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துபோனது. புதுசு வேண்டுமென்றால் லண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். மனுஷன் சுமார் ஆறு வாரம் விடாமல் உட்கார்ந்து, அந்த நெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மறுபடி அளக்க ஆரம்பித்தார். கருவி கெட்டால் அளவு கெடும் என்பதை அவர் அறிந்திருந்தார். துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தப் பாடம் புரிய இன்னும் நூறு வருஷம் ஆனது.

நீளக் குழாய்க் காலம்

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி வைக்கும் ஆசை பழையது. 1776-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். அவருக்குத் துணை நின்றவர் டேவிட் ரிட்டன்ஹவுஸ். தொழில் கடிகாரமும் வானியல் கருவிகளும். பாருங்கள், மறுபடியும் வானியல்காரர்தான்!

உபயோகத்துக்கு உதவும் வடிவம் 1840-களில் வந்தது. ஜான் சாப்மன் என்ற சிவில் இன்ஜினியர் யோசனை சொல்ல, நியூயார்க் மாநிலம் யூட்டிகா ஊரின் துப்பாக்கித் தொழிலாளி மார்கன் ஜேம்ஸ் செய்தார். 1855-லிருந்து சிராக்யூஸ் ஊரில் வில்லியம் மால்கம் இன்னும் நல்ல லென்ஸ்களைப் போட்டுத் தயாரித்தார். இந்தத் தொலைநோக்கிகள் ஏறக்குறைய துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குழல் மேல் இன்னொரு குழல் சவாரி செய்கிற மாதிரி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தேர்ந்த குறிகாரர்கள் இவற்றைப் பயன்படுத்தினார்கள்.

இதில் குறியைச் சரிசெய்வது எப்படி? குழாய்க்குள் இருக்கும் இழையை அசைப்பதில்லை. முழுக் குழாயையும் அசைக்கிறார்கள். முன்பக்கம் ஒரு வளையத்தில் குழாய் தாங்கி நிற்கும். பின்பக்க மவுண்டில் இரண்டு திருகு: ஒன்று மேலும் கீழும் நகர்த்த, இன்னொன்று பக்கவாட்டில் நகர்த்த. கொள்கை எளிது. வெளியில் இருப்பதால் கண்ணால் பார்க்கலாம், கழற்றலாம், துடைக்கலாம்.

மாணவ நண்பர்கள் இப்போது ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளலாம். 100 கெஜ தூரத்தில் தோட்டா கால் அங்குலம் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 கெஜம் என்பது 3600 அங்குலம். இரண்டு மவுண்டுக்கும் இடையே 7.2 அங்குலம் வைத்தால், விகிதக் கணக்கில் பின் மவுண்ட் நகர வேண்டியது 0.0005 அங்குலம். பட்டறை பாஷையில் அரைத் 'தௌ'. மில்லிமீட்டரில் 0.0127. தலைமுடியின் தடிமனில் பல பங்குகளில் ஒரு பங்கு! 7.2 என்ற அந்த விநோதமான எண் ஏன் வழக்கமானது என்று இப்போது புரிந்திருக்கும். 3600-ஐ 7.2-ஆல் வகுத்தால் சுத்தமாக 500. அங்குலத்துக்கு 40 புரி உள்ள திருகு ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம் நகரும். நம் லேபின் அங்குல மைக்ரோமீட்டரும் இதே கணக்குத்தான். அந்தச் சுற்றை 50 'கிளிக்'காகப் பிரித்தால் ஒரு கிளிக்குக்கு அரைத் தௌ வந்துவிடும்.

இந்த வகையின் உச்சம் பிட்ஸ்பர்க் நகரில் ஜான் அனர்டல் 1934-ல் தொடங்கிய கம்பெனியின் தொலைநோக்கிகள். இரண்டாம் உலகப் போரிலும், பிறகு வியட்நாமிலும் அமெரிக்க மெரைன் படை இவற்றை வைத்திருந்தது. இவற்றில் ஒரு அழகான தந்திரம் உண்டு. சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஆனால் குழாய் மவுண்டுக்குள் வழுக்கிக்கொண்டு தான் இருந்த இடத்திலேயே நிற்கும். நியூட்டனின் முதல் விதி! அந்த அதிர்ச்சி மெல்லிய திருகுகளுக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் சுட்ட பிறகு குழாயைக் கையால் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மண்ணும் மழையும் இருக்கும் இடத்தில், கை தவறிக் கீழே விழும் இடத்தில், வெளியில் துருத்திக்கொண்டு நிற்கும் இந்த மவுண்டுகள் எத்தனை நாள் தாங்கும்?

பெரிய யுத்தமும் ஒரு கிரிக்கெட் வீரரும்

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனியில் வேட்டைக்காரர்களிடம் தொலைநோக்கித் துப்பாக்கிகள் ஏராளம். அவற்றைச் சேகரித்து முன்னணிக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் பக்கம் கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினார்கள். மேலிருந்து தோட்டா நிரப்ப வேண்டுமே என்று தொலைநோக்கியை நடுவில் வைக்காமல் இடது பக்கம் தள்ளி வைத்தார்கள். மண்மூட்டைக்கு நடுவே விட்ட சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும்போது, குழல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்!

அமெரிக்காவின் வார்னர் அண்ட் ஸ்வேசி கம்பெனி 1908-லும் 1913-லும் ப்ரிஸம் வைத்த இரண்டு வடிவங்களைக் கொண்டுவந்தது. இவர்கள் சாதாரண ஆட்களா? 1888-ல் லிக் வான்காணகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கிக்கும், அடுத்து யெர்க்ஸ் வான்காணகத்தின் 40 அங்குலத் தொலைநோக்கிக்கும் தாங்கு அமைப்பு செய்தவர்கள். டன் கணக்கான எடையை நட்சத்திரத்தின் பின்னால் வழுவாமல் நகர்த்தத் தெரிந்தவர்கள். ஆனால் ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள இந்தப் பெட்டியைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் தொங்கவிட்டபோது, சுடச்சுட மவுண்ட் தேய்ந்து ஆட்டம் கண்டது. கண்ணை ரப்பர் மூடிக்கு ஒட்டி வைக்க வேண்டியிருந்ததால் உதை வாங்கிய சிப்பாய்கள் விசையை இழுக்கும்போதே முகத்தைச் சுளித்தார்கள். வான்காணகத்தில் யாரும் தொலைநோக்கியை ஒவ்வொரு நிமிஷமும் சுத்தியலால் அடிப்பதில்லை. துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவும் ஒரு சுத்தியலடி.

இந்த இடத்தில்தான் என் கதாநாயகர் வருகிறார். பெயர் ஹெஸ்கெத்-பிரிச்சர்ட். ஹாம்ப்ஷயர் அணியின் வேகப்பந்து வீச்சாளர், எழுத்தாளர், வேட்டைக்காரர். 1915-ல் பத்திரிகையாளர்களை அழைத்துச் செல்லும் அதிகாரியாக பிரான்சுக்குப் போனவர், பதுங்குகுழிகளில் இருந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை குறி தவறியிருந்தன! கடையில் சரிபார்த்து அனுப்பியவைதான். ஆனால் வழியில் மவுண்ட் தளர்ந்திருக்கிறது. யாரோ திருகை நோண்டியிருக்கிறார்கள். ஒரு படைப்பிரிவு போய் அடுத்த பிரிவு வரும்போது சாமான் பட்டியலில் ஒரு சாமானாகக் கைமாறியிருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது என்று யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

நினைத்துப் பாருங்கள். எதிரே பார்வைக்குத் தெளிவாக ஆள் தெரிகிறான். சிப்பாய் மூச்சை அடக்கிச் சுடுகிறான், தவறுகிறது. மறுபடி சுடுகிறான், தவறுகிறது. மூன்றாவது முறை எதிரி இவன் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறான். "சுடத் தெரியாதவன்" என்று பட்டியலில் எழுதியிருப்பார்கள், எழுத ஆள் மிஞ்சியிருந்தால். டயல் காட்டிய எண்ணை நம்பியதைத் தவிர அவன் செய்த தப்பு என்ன?

ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் ஆட்களைத் திட்டவில்லை. முதலில் துப்பாக்கிகளைத் திருத்தினார். பிறகு 1916-ல் ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கி, கருவியைச் சோதிப்பதை முதல் பாடமாக்கினார். எங்கள் ஹவில்தார் சொன்ன அதே வாக்கியம்தான்: நகர வேண்டியது சைட்டு, நீ இல்லை.

நடுவே என் கதை

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன். இதுவரை நம் பேட்ச் நண்பர்களிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் வேலை, ட்ரெய்னி. ஒரு சிறு தொழிற்சாலை. பழைய மில்லிங் மெஷினில் பிளேட்டுகளில் துளை போடும் ஜாப். காலை ஷிஃப்டில் டேபிளை செட் பண்ணிக் கொடுத்தது நான். டயலில் வேண்டிய எண்ணைத் தாண்டிவிட்டேன். திருப்பிக்கொண்டு வந்து எண்ணில் நிறுத்தினேன். எண் சரி. டேபிள்? திருகுக்கும் நட்டுக்கும் நடுவே இருந்த ஆட்டத்தில் கைப்பிடி சும்மா சுற்றியதே தவிர, டேபிள் திரும்பி வரவே இல்லை. அன்று முழுக்க அந்த ஆபரேட்டர் அண்ணன் போட்ட துளைகள் அத்தனையும் இடம் மாறி விழுந்தன. மாலையில் மொத்த லாட்டும் ரிஜெக்ட். மெமோ அவருக்கு.

மெட்ராலஜி லேபில் டூல்மேக்கர்ஸ் மைக்ராஸ்கோப் முன்னால் எங்கள் சார் எத்தனை தடவை சொல்லியிருப்பார்: "கிராஸ் வயரை எப்பவும் ஒரே பக்கத்திலிருந்து கொண்டு வா. தாண்டிட்டியா, முழுசாப் பின்னால போய்த் திரும்ப வா." ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அன்று மாலையே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் அவர் டீ டைமில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. "பழைய மெஷின், தம்பி. கைப்பிடியைத் திருப்பினதும் உடனே நகராது. கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் நகரும். அதுக்கு நாமதான் பழகணும்" என்றார். அந்த இரண்டு நாளை மட்டும் என்னால் திருப்பித் தர முடியவில்லை.

சரி, கதைக்குத் திரும்புவோம்.

திருகு உள்ளே போனது

வெளியில் இருந்தால் அடிபடுகிறது. ஆகவே சரிசெய்யும் அமைப்பைக் குழாய்க்குள்ளேயே கொண்டுபோனார்கள். 1930-ல் பில் வீவர் என்ற அமெரிக்க இளைஞர் முக்கால் அங்குலக் குழாயில் '330' என்ற தொலைநோக்கியை மவுண்டோடு சேர்த்து 19 டாலருக்கு விற்றார். குழாய் அசையாது, உள்ளே இழை பொருத்திய சட்டம் மட்டும் திருகால் நகரும். சாமானியர் வாங்கும் விலை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதே வகையை ஸ்பிரிங்ஃபீல்ட் 1903ஏ4 ரைஃபிளில் மாட்டியது. அந்த ரைஃபிளில் வேறு சைட்டே கிடையாது. தொலைநோக்கி பொய் சொன்னால் கேட்க நாதியில்லை.

பிரிட்டனின் 'எண் 32' தொலைநோக்கி ப்ரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டு, கடைசியில் எண் 4 ரைஃபிளில் போய்ச் சேர்ந்தது. பித்தளையும் எஃகுமாகக் கனத்த உடம்பு. முதல் வடிவில் பக்கவாட்டு டிரம் ஒரு கிளிக்குக்கு 2 நிமிடக் கோணம் நகரும். பின்னால் அதை 1 நிமிடமாகக் குறைத்தார்கள். ஆரம்ப மாடல்களில் ஜீரோ வைக்க ஒரு தனிச் சாவி வேண்டும்; இரண்டு கை போதாது, மூன்றாவது கை இருந்தால் நல்லது என்ற நிலைமை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எந்த ரைஃபிளோடு எந்தத் தொலைநோக்கியைப் பொருத்திச் சுட்டுச் சரிபார்த்தார்களோ, அந்த ஜோடியின் எண்களைப் பதித்துவிட்டார்கள். தாலி கட்டின மாதிரி! இந்தத் தொலைநோக்கி இந்த ரைஃபிளுக்கு மட்டும்தான். ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் பட்ட பாட்டிலிருந்து படித்த பாடம் என்றே எனக்குத் தோன்றும்.

இழையை நகர்த்தும் முறையில் ஒரு சங்கடம் உண்டு. நகர்த்த நகர்த்த இழை வட்டத்தின் நடுவிலிருந்து விலகி, ஒரு மூலையில் போய் நிற்கும். சுவரில் கோணலாக மாட்டிய காலண்டர் மாதிரி கண்ணை உறுத்தும். அவசரத்தில் கண் தானாக நடுப்புறத்தையே தேடும். பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனி 1950-களில் இதற்குப் பயந்தே சரிசெய்யும் திருகுகளைத் தொலைநோக்கிக்குள் வைக்காமல் மவுண்டில் வைத்தது. மற்றவர்கள் வேறு வழி கண்டார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து அதுவே பொது வழியாகிவிட்டது.

கெப்ளர் தொலைநோக்கியின் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்தக் குழாய்க்குள் இன்னொரு லென்ஸ் ஜோடி இருக்கிறது அல்லவா? அதை ஒரு சின்னக் குழாயில் போட்டு, பின் முனையை பந்துக் கிண்ண மூட்டு மாதிரி பொருத்தினார்கள். முன் முனை மிதக்கும். மேலிருந்து ஒரு திருகு, பக்கத்திலிருந்து ஒரு திருகு அதைத் தள்ளும். எதிர் மூலையிலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். இப்போது இழை நடுவிலேயே நிற்கும். அதன் பின்னால் காட்சிதான் நகரும். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எவ்வளவு நகர வேண்டும்? முன் லென்ஸின் குவிதூரம் 180 மில்லிமீட்டர் என்று வைத்தால், கால் நிமிடக் கோணத்துக்கு ஏறக்குறைய 0.013 மில்லிமீட்டர். பழைய நீளக் குழாயின் அதே அரைத் தௌ! இடம் மாறியதே தவிர, கணக்கு நம்மை விடவில்லை.

இந்த அமைப்பின் உயிர்நாடி அந்த ஸ்பிரிங். திருகுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. திருப்பிக்கொண்டு வருவது ஸ்பிரிங்கின் வேலை. அது வலுவில்லாமல் இருந்தாலோ, குழாய் எங்காவது ஒட்டிக்கொண்டாலோ, டயலில் நாலு கிளிக் கேட்கும். உள்ளே எதுவும் நகர்ந்திருக்காது. அடுத்த தோட்டாவின் உதையில் திடீரென்று நகரும். அதனால்தான் பழைய வேட்டைக்காரர்கள் திருகிவிட்டு டயல் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார்கள். மூடநம்பிக்கை மாதிரி தெரியும், அத்தனையும் இயந்திரவியல்.

உள்ளே போனதால் இன்னொரு தொல்லை, ஈரம். போர்ட்லேண்டில் நில அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையாக 1907-ல் தொடங்கிய லியூபோல்ட் கம்பெனி சொல்லும் கதை இது: முதலாளி வீட்டுப் பிள்ளை மார்க்கஸ் வேட்டைக்குப் போன இடத்தில் தொலைநோக்கிக்குள் பனி படிந்து மான் தப்பிவிட்டதாம். 1947-ல் அவர்கள் நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்த தொலைநோக்கியைக் கொண்டுவந்தார்கள். திருகு சுழலவும் வேண்டும், காற்று புகவும் கூடாது. ஒரு சின்ன ரப்பர் வளையம் செய்த வேலை.

வியட்நாம் காலத்தில் ஜேம்ஸ் லெதர்வுட் என்ற ராணுவ அதிகாரி இன்னும் ஒரு படி போனார். அவருடைய தொலைநோக்கியில் எதிரே தெரியும் உருவம் இரண்டு கோடுகளுக்குள் அடங்கும்வரை பெருக்க வளையத்தைச் சுற்ற வேண்டும். தூரம் அதிகமானால் அதிகப் பெருக்கம் வேண்டும் இல்லையா? அந்த வளையத்தோடு ஒரு கேம் சேர்ந்து சுற்றும். தூரத்துக்கு ஏற்பத் தோட்டா எவ்வளவு தாழும் என்ற வளைவு அந்தக் கேமின் விளிம்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். அது முழுத் தொலைநோக்கியையும் வேண்டிய அளவு சாய்த்துவிடும். கணக்கைக் காகிதத்தில் போடாமல் உலோகத்தில் போட்டுவிட்டார்! 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பரில் கேம் வரையச் சொன்னால் முணுமுணுக்கும் தம்பி தங்கைகள் கவனிக்கவும்.

பெட்டிச் சோதனை

இன்றைக்கு நல்ல தொலைநோக்கிகளில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 அல்லது 10 மில்லிமீட்டர் என்று டயல் மேலேயே எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பலாமா? தேர்ந்தவர்கள் நம்புவதில்லை. பெட்டிச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அட்டையின் நடுவில் குறி வைத்து ஒரு முறை சுடு. 20 கிளிக் மேலே திருகி, அதே குறியைப் பார்த்துச் சுடு. 20 வலது. 20 கீழே. 20 இடது. ஓட்டைகள் ஒரு சதுரம் போட வேண்டும். கடைசித் தோட்டா முதல் ஓட்டை மேலேயே வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அந்தத் திருகு உண்மை பேசுகிறது. சதுரம் கோணினால், திரும்பி வராவிட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது பொய் பேசும் கருவி.

ஆயுதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கருவி யார் கையில், எதற்காக என்பது பெரிய விஷயம். அதை இந்தத் திருகு தீர்மானிக்காது. ஆனால் காஸ்கோயினின் நட்சத்திரமானாலும், லாம்டனின் கோபுரமானாலும், பதுங்குகுழிச் சிப்பாயானாலும், எங்கள் தொழிற்சாலை பிளேட்டானாலும் கேள்வி ஒன்றுதான். டயலில் இருக்கும் எண்ணும், உள்ளே நடந்த நகர்வும் ஒன்றா? அதை ஒன்றாக்குவது வடிவமைப்பாளரின் கடமை. ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது பயன்படுத்துகிறவரின் கடமை. இரண்டும் நடக்காதபோது பழி மட்டும் கடைசியில் விசையைத் தொட்டவன் தலையில் விழுகிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் மேலாளர்களாவீர்கள். உங்கள் மேஜைக்கு ஒரு மெமோ கையெழுத்துக்கு வரும். யாரோ ஒருவர் குறி தவறிவிட்டார் என்று எழுதியிருக்கும். பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு நடை ஷாப் ஃப்ளோருக்குப் போய், அந்தக் கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அந்த ஆபரேட்டர் அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இந்த மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு, "இதையெல்லாமா தம்பி இன்னும் ஞாபகம் வெச்சிருக்கே?" என்றுதான் கேட்பார்.